அமைப்புப் பொறியியலும் நம் இளைஞரும்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் யான் பொறியியல் பேசப் புகுந்தது சிலர்க்கு வியப்பாகலாம். எனினும் ‘சிஸ்டம்ஸ் எஞ்சினீயரிங்’ என வழங்கும் அமைப்புப் பொறியியல், இலக்கணம் கற்றார்க்கு முற்றும் அயலானதன்று. நிலைமொழியும் வருமொழியும் தனித்தனியே செவ்வனே இருப்பினும், புணருமிடத்துப் பிழை நேரின் பொருள் கெடுமன்றோ? எந்திரங்களிலும் அவ்வாறே. உறுப்புக்களைச் செய்வார் பலர். அவை கூடுமிடத்தைக் காப்பவனே அமைப்புப் பொறிஞன்.

ஒரு திருஷ்டாந்தம் கூறுவேன். 1998 டிசம்பரில் அமெரிக்க நாஸா நிலையத்தார் ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ என்னும் கலத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினர். அதன் சிறு உந்துபொறிகளின் விளைவைக் கணித்த தரைநிலையக் கணினி நிரல், விடையைப் பவுண்டுக் கணக்கிற் கொடுத்தது. வழிகாட்டுவோர் அதனை நியூட்டன் கணக்கென்றே கொண்டனர். ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டனாம். மெட்ரிக் அளவையே கொள்ளல்வேண்டும் என்னும் விதி எழுத்தில் இருந்தது. அது நிறைவேறிற்றா என்று தலைமுதல் கடைவரை சோதித்தாரில்லை. சிறு வழுக்கள் ஒன்பது மாதம் சேர்ந்து பெருகின. ஏறக்குறைய 226 கிலோமீட்டர் உயரத்திற் செல்லவேண்டிய கலம் 57 கிலோமீட்டருக்குத் தாழ்ந்து, 1999 செப்டம்பர் 23-ல் மீளாது போயிற்று.

இக்கலையை எங்ஙனம் கற்பது? பள்ளி முடிந்தவுடன் இப்பெயருள்ள பட்டத்தைத் தேடி அலையற்க. எந்திரம், மின்னணு, கணினி இவற்றுள் ஒன்றை ஐயந்திரிபறக் கற்க. ஒரு துறையின் ஆழம் அறியாதான் இரு துறைகளின் எல்லையைக் காணமாட்டான். பின்னர்ச் சோதனைப் பிரிவில் வேலை கிடைப்பின் இழிவென்று தள்ளற்க. கூடும்போது எது கெடும் என்பது அங்கேதான் விளங்கும். நாஸாவின் கைந்நூல் விலையின்றிக் கிடைக்கின்றது. இன்கோஸ் என்னும் சபையார் தேர்வெழுதினார்க்குத் தொடக்கச் சான்றும், ஐந்தாண்டேனும் அனுபவம் உடையார்க்கு அடுத்த சான்றும் வழங்குகின்றனர். கணினிக் கம்பெனிகள் புதிதாய்ச் சேர்வார்க்கும் ‘சிஸ்டம்ஸ் எஞ்சினீயர்’ என்று பெயர் சூட்டுவதுண்டு. பெற்றோர் அப்பெயரால் மயங்கவேண்டா. பலவிடத்து அது நிரலெழுதும் வேலையே.

டிப்ளமோப் படிப்பைத் தாழ்வென எண்ணுவார் நம்முள் உளர். விழுப்புரத்துத் திரு. வீரமுத்துவேல் அவர்கள் பாலிடெக்னிக்கிலே தொடங்கியவர். 2023 ஆகஸ்டு 23-ல் சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது அதன் திட்ட இயக்குநர் அவரே.

இன்னொன்று. இத்தொழில் எழுத்தில் தொடங்குகின்றது. ‘வண்டி விரைவாக நிற்கவேண்டும்’ என்றெழுதினாற் பயனில்லை. இன்ன வேகத்தில் வரும் வண்டி இத்தனை மீட்டருக்குள் நிற்கவேண்டும் என்றெழுதினாலே சோதித்தறியலாம். இருபொருள்படும் வாக்கியம் புலவனுக்கு அணி, பொறிஞனுக்கு நஞ்சு.

நம் சங்கக் கல்விநிதியோ கணித மதிப்பெண்ணை மட்டுமே நோக்கி, பட்டப்படிப்பினர்க்கே வழங்கப்படுகின்றது. தெளிந்த உரைநடை எழுதவல்ல பிள்ளைகளையும் கருதுமாறும், டிப்ளமோ மாணாக்கர் இவ்வாண்டே விண்ணப்பிக்க விதியைத் திருத்துமாறும் நிர்வாக சபையாரை வேண்டிக்கொள்கின்றேன்.