குழந்தைக்கு டிரிப்ஸ்: பாட்டில் கணக்கா, எடைக் கணக்கா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. வங்கியில் கணக்கு எழுதியவன். இன்றைய விஷயத்தில் பாதி கணக்குதான் என்பதால் பேசத் துணிந்தேன்.

குழந்தை துவண்டுபோனால் அவசரப் பிரிவில் நாம் முதலில் சொல்வது, “டாக்டர், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுங்க” என்பதுதான். அவசரத்தில் வேகமாக ஏற்றுவது வெறும் குளுக்கோஸ் அல்ல. நார்மல் சலைன், ரிங்கர் லாக்டேட் போன்ற உப்புக் கரைசல். பாட்டில் கணக்கும் கிடையாது. எடைக்கு இத்தனை மில்லி, இத்தனை நிமிடத்தில் என்பதே கணக்கு.

ஏற்றும் வழிகள் பல. ஸ்டாண்டில் தொங்கும் பாட்டில் நாம் அறிந்தது. அதன் சாதாரண செட்டில் ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு. மைக்ரோ செட்டில் 60 சொட்டு. மைக்ரோ செட்டில் நிமிடத்துக்கு எத்தனை சொட்டோ, மணிக்கு அத்தனை மில்லி. நிதானமாக ஏற்ற அது வசதி.

வயிற்றுப்போக்கால் கடுமையாக நீர் வற்றிய, ஒரு வயது தாண்டிய 10 கிலோ குழந்தையை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவன முறைப்படி முதல் அரை மணியில் 300 மில்லி, அடுத்த இரண்டரை மணியில் 700 மில்லி. முதல் அரை மணிக்கு நிமிடம் 10 மில்லி வேண்டும். மைக்ரோ செட்டில் அது 600 சொட்டு, நடக்காது. சாதாரண செட்டிலும் 200 சொட்டு. சின்னக் கையில் சின்ன ஊசி. பாட்டிலைத் தொங்கவிட்டால் மட்டும் அந்த வேகம் வராமல் போகலாம்.

அப்போது பாட்டில் பையைச் சுற்றிக் காற்றுப் பை கட்டி அழுத்துவார்கள். அல்லது மூன்று வழித் திருகு ஒன்றைப் பொருத்தி, சிரிஞ்சில் உறிஞ்சிக் கையால் செலுத்துவார்கள். சிரிஞ்சில் வேகமும் உண்டு, அளவும் தெரியும். ஆனால் ஓர் ஆள் விடாமல் நிற்க வேண்டும். நரம்பே கிடைக்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் ஊசி போடுவார்கள். பார்க்கப் பயமாக இருக்கும். உயிர் காக்கும் முறை அது. நெருக்கடி தணிந்தபின் பம்ப் வைத்தால் மணிக்கு இத்தனை மில்லி என்று சீராக ஏறும்.

வேகம் எல்லா நோய்க்கும் நல்லதா? இல்லை. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் கடும் காய்ச்சலுடன் ரத்த ஓட்டம் குன்றிய 3,100-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2011-இல் வெளியானது. வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். அப்படி ஏற்றப்படாதவர்களில் ஏழு பேர். வயிற்றுப்போக்குக் குழந்தைகள் அதில் சேர்க்கப்படவில்லை. ஒரு நோய்க்கு உயிர் தரும் வேகம், இன்னொரு நோய்க்கு ஆபத்து.

ஆகவே பெற்றோருக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் சில வேண்டுகோள்கள்:

1. குழந்தையின் இப்போதைய எடையைத் தெரிந்து வைத்திருங்கள்.

2. கடைசியாக எப்போது சிறுநீர் போனது, எத்தனை முறை வயிற்றுப்போக்கு, என்ன குடித்தது என்று சொல்லுங்கள்.

3. “சீக்கிரம் முடியட்டும்” என்று டிரிப்ஸ் சக்கரத்தை நீங்கள் திருகாதீர்கள். ஊசி போட்ட இடம் வீங்கினாலோ, குழந்தைக்கு மூச்சு வாங்கினாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

4. குடிக்க முடிகிற குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். போதும் என்று டாக்டர் சொன்னால், டிரிப்ஸ் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள்.