கருப்பட்டி வாங்குகிறவர் என்ன தட்டித் தேடுகிறார்?



தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குப் பக்கத்தில் உடன்குடி இருக்கிறது. செம்மண் தேரியும் பனைமரங்களும் நிறைந்த வட்டாரம். அங்கே காய்ச்சும் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் பரவிவிட்டது, இனிமேல் ஆட்கள் தேடி வருவார்கள் என்று நினைக்கத் தோன்றும். தேடத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் கைப்பேசியில் என்ன வார்த்தையைத் தட்டித் தேடுகிறார்கள் என்று விற்கிறவருக்குத் தெரிய வேண்டுமே! அது தெரியாமல் இணையதளம் நடத்தினால் சரக்கு ஒரு பக்கம், வாங்குகிறவர் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தொழிலில் இருப்பவர்கள் இதைக் கீவேர்ட் ரிசர்ச் என்பார்கள்.

கருப்பட்டி விற்கும் இணையதளம் ஒன்றைத் திறந்து பாருங்கள். 'பாரம்பரிய முறையில் தயாரிக்கப்பட்ட தரமான இயற்கை இனிப்பூட்டி' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த வரியை யார் தேடப்போகிறார்கள்? வீட்டில் இருக்கிறவர் தேடுவது 'ஒரிஜினல் கருப்பட்டி ஒரு கிலோ விலை'. இன்னொருவர் 'கருப்பட்டி காபி போடுவது எப்படி' என்று கேட்பார். சென்னையில் இருப்பவர் கருப்பட்டி என்று சொல்லாமல் பனைவெல்லம் என்று தேடலாம். நெல்லைக்காரர் கருப்பட்டி என்றுதான் சொல்வார். நிறையப் பேர் தமிழைத் தமிழ் எழுத்தில் தட்டுவதே இல்லை, ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். அதிலும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். இப்போது பலர் தட்டவும் செய்வதில்லை, மைக்கை அழுத்திப் பேசிவிடுகிறார்கள். கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழிலும் குரல்வழித் தேடலைக் கொண்டுவந்தது. அதன் பிறகு தேடல் என்பது ஒற்றைச் சொல்லாக இல்லாமல், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்கிற முழு வாக்கியமாக வரத் தொடங்கிவிட்டது.

ஒரே சொல்லைத் தட்டினாலும் எல்லாருக்கும் ஒரே நோக்கம் இருக்காது. ஆண்ட்ரெய் பிரோடர் என்ற கணினி அறிஞர், அப்போது பெயர்பெற்றிருந்த ஆல்டாவிஸ்டா தேடுபொறியின் பயனர்களை ஆராய்ந்து 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தேடுகிறவர்களை அவர் மூன்று வகையாகப் பிரித்தார். தெரிந்த ஒரு தளத்துக்குப் போக வழி கேட்கிறவர், ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வந்தவர், ஒரு காரியத்தை முடிக்க வந்தவர். கருப்பட்டி காபி போடுவது எப்படி என்று கேட்கிறவர் தெரிந்துகொள்ள வந்தவர். அவரிடம் போய் 'உடனே வாங்குங்கள்' என்று பொத்தானை நீட்டினால் பக்கத்தை மூடிவிடுவார். 'உடன்குடி கருப்பட்டி 5 கிலோ கோயம்புத்தூர் டெலிவரி' என்று தட்டுகிறவர் கையில் பணத்தோடு நிற்கிறார். அவரைப் பனைமரத்தின் வரலாறு படிக்க வைக்கக் கூடாது. ஆகவே சொல்லைக் குறித்து வைத்தால் மட்டும் போதாது, சொன்னவர் எதற்காக வந்தார் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

இந்தத் துறைக்குள் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரு இடத்தில் வழுக்குகிறார்கள். அதிகம் பேர் தேடும் சொல் எது என்று பார்த்து, அதன் பின்னால் ஓடுகிறார்கள். வெல்லம் என்ற சொல்லை நிறையப் பேர் தேடுவார்கள். அவர்களில் கரும்பு வெல்லம் வேண்டியவர் உண்டு, பொங்கல் வைக்க அளவு கேட்பவர் உண்டு, அதிரசப் பாகு கேட்பவர் உண்டு. கருப்பட்டிக்காரருக்கு அந்தக் கூட்டத்தால் என்ன லாபம்? அந்தச் சொல்லுக்கு முதல் பக்கத்தில் இடம்பிடிக்கப் பெரிய பெரிய நிறுவனங்கள் போட்டி போடுகின்றன. சிறு வியாபாரி அங்கே போய் நிற்பதே வீண் என்பது என் உறுதியான கருத்து. அவருக்கான ஆள் அரிதான சொல்லில் இருக்கிறார்.

அரிய சொல்லுக்கு மதிப்பு அதிகம் என்பதைத் தேடல் துறையில் நிறுவிக் காட்டியவர் ஒரு பெண்மணி. கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1935-இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் வரலாறும் தத்துவமும் படித்தார். கொஞ்ச காலம் பள்ளி ஆசிரியையாக இருந்துவிட்டு, மொழியைக் கணினிக்குப் புரியவைக்கும் ஆராய்ச்சிக்கு வந்தார். 1972-இல் அவர் வெளியிட்ட கட்டுரை சொன்னது இது: ஆயிரம் ஆவணங்களில் தொள்ளாயிரத்தில் வருகிற சொல், எந்த ஆவணம் வேண்டும் என்று காட்டிக்கொடுக்காது. பத்தே ஆவணங்களில் வருகிற சொல் காட்டிக்கொடுக்கும். ஆகவே அரிதான சொல்லுக்கு எடை கூட்டிக் கொடுங்கள் என்றார். பிறகு வந்த தேடுபொறிகளுக்கெல்லாம் இந்தக் கருத்து அடித்தளத்தில் ஒரு கல்லாக இருந்தது. அப்படிப்பட்டவர் பல ஆண்டுகள் நிரந்தரப் பதவி இல்லாமல் குறுகிய கால ஒப்பந்தங்களிலேயே கேம்பிரிட்ஜில் வேலை பார்த்தார். பேராசிரியர் பதவி 1999-இல்தான் வந்தது. 2007-இல் மறைந்தார். நாம் ஒவ்வொரு முறை தேடும்போதும் அவருக்கு ஒரு நன்றி பாக்கி இருக்கிறது.

அவர் பேசியது ஆவணங்களில் இருக்கும் சொற்களைப் பற்றி, நான் பேசுவது தேடுகிறவர்களின் சொற்களைப் பற்றி. இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. கருப்பட்டி என்ற சொல் கருப்பட்டி விற்கும் எல்லாத் தளத்திலும் இருக்கும். 'மழைக்காலத்தில் கருப்பட்டி கசிகிறது, என்ன செய்வது' என்ற கேள்விக்கு எத்தனை தளத்தில் பதில் இருக்கும்? ஈரக்காற்று பட்டால் கருப்பட்டி வியர்த்துப் பிசுபிசுக்கும். கிராமத்தில் ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்புக்கு மேலே பரணில் வைப்பார்கள், அனலும் புகையும் ஈரத்தை அண்டவிடாது. நகரத்தில் அடுக்குமாடியில் பரணுக்கு எங்கே போவது? காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், ஈரக்கையோடு எடுக்காதீர்கள் என்று நாலு பத்தி எழுதினால், மாதம் இருபது பேர்தான் அதைத் தேடி வரலாம். ஆனால் அந்த இருபது பேரும் ஏற்கெனவே கருப்பட்டி வாங்குகிறவர்கள். அடுத்த முறை எங்கே வாங்குவது என்று யோசிக்கிறவர்கள்.

சரி, இந்தச் சொற்களை எங்கே கண்டுபிடிப்பது? காசு கட்டிப் பெரிய மென்பொருள் வாங்கத் தேவையில்லை. கூகுளில் கருப்பட்டி என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு நிறுத்துங்கள். கீழே வரிசையாகச் சில தொடர்கள் விழும். அவை மற்றவர்கள் உண்மையில் தேடியவற்றிலிருந்து வருபவை. பிறகு ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் பாருங்கள், 'க' போட்டால் ஒரு வரிசை, 'ச' போட்டால் வேறு வரிசை. கூகுள் டிரெண்ட்ஸ் என்ற இலவசக் கருவி எந்த மாதத்தில் தேடல் ஏறுகிறது, இறங்குகிறது என்று காட்டும். அதில் வரும் 100 என்ற எண்ணைப் பார்த்து நூறு பேர் தேடினார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். அந்தக் காலகட்டத்தின் உச்சத்துக்கு 100 என்று வைத்து மற்றதை அளக்கிறார்கள், அவ்வளவுதான். விளம்பரம் கொடுப்பவர்களுக்கான கீவேர்ட் பிளானர் தேடல் எண்ணிக்கையைச் சொல்லும். ஆனால் விளம்பரத்துக்குச் செலவு செய்யாதவருக்கு நூறு முதல் ஆயிரம் வரை என்று பொத்தாம்பொதுவாகத்தான் காட்டும்.

சொற்களைக் கண்டுபிடித்த கையோடு அவற்றைப் பக்கம் முழுக்க அள்ளித் தெளிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. பக்கத்தின் நிரலில் கீவேர்ட் பட்டியல் ஒன்றை மறைவாக எழுதி வைப்பார்கள். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே வெளிப்படையாக அறிவித்துவிட்டது. 2019-இல் பெர்ட் என்ற மொழித் தொழில்நுட்பம் வந்த பிறகு, சொற்கள் ஒன்றோடொன்று எப்படி இணைந்திருக்கின்றன என்பதையும் கூகுள் கவனிக்கிறது. சர்க்கரை கலந்த கருப்பட்டிக்கும் சர்க்கரை கலக்காத கருப்பட்டிக்கும் இருக்கிற வேறுபாட்டை உணர்த்த, ஒரே சொல்லைப் பத்து முறை எழுத வேண்டியதில்லை. ஒரு முறை தெளிவாக எழுதினால் போதும்.

இங்கே மனசாட்சி சம்பந்தப்பட்ட ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கருப்பட்டி பற்றித் தேடினால் 'சுகர் இருக்கிறவங்க சாப்பிடலாமா' என்ற கேள்வி எதிரே வந்து நிற்கும். தாராளமாகச் சாப்பிடலாம் என்று எழுதினால் விற்பனை கூடும். அப்படி எழுதிய பக்கங்களும் இருக்கின்றன. ஆனால் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். அது ரத்தத்தில் சர்க்கரையின் அளவை ஏற்றும். கேட்கிறவர் காலையில் மாத்திரை போட்டுவிட்டு, ஒரு டம்ளர் காபியாவது இனிப்பாகக் குடிக்கலாமா என்ற ஏக்கத்தோடு தேடுகிறார். அந்த ஏக்கத்தைக் காசாக்குவது பெரும் தவறு. 'இதுவும் இனிப்புதான், டாக்டரைக் கேட்காமல் சேர்க்காதீர்கள்' என்று எழுதுங்கள். ஒரு கிலோ விற்காமல் போகட்டும்.

பக்கம் எழுதி வெளியிட்டு மூன்று மாதம் ஆனதும் கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்து பாருங்கள். உங்கள் தளம் எந்தெந்தச் சொல்லுக்குக் கண்ணில் பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அதில் இருக்கும். நிறையப் பேர் கண்ணில் பட்டும் உள்ளே வராத சொல் இருந்தால், அவர்கள் கேட்டதற்கு நீங்கள் சரியாகப் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். 16 மாதக் கணக்கு அதில் கிடைப்பதால், போன பதநீர்ப் பருவத்தையும் இந்தப் பருவத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். பங்குனி, சித்திரையில் புதுக் கருப்பட்டி வரும் என்றால், அதற்கான பக்கம் மாசியிலேயே தயாராக இருக்க வேண்டும். தேடுபொறி வந்து படித்துச் சேர்த்துக்கொள்ளக் கொஞ்ச நாள் பிடிக்கும்.

சர்ச் கன்சோலும் எல்லாவற்றையும் காட்டிவிடாது. மிகச் சிலரே தேடிய சொற்களை, தேடியவர்களின் தனியுரிமை கருதி அது மறைத்துவிடும். அன்றாடம் வரும் தேடல்களில் சுமார் 15 விழுக்காடு இதுவரை வந்தே இராத புதிய தேடல்கள் என்று கூகுளே சொல்லியிருக்கிறது. அவற்றை எந்தக் கருவியும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். போனில் கேட்பதையும், வாட்ஸ்அப் குரல்பதிவில் கேட்பதையும், கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். 'தம்பி, இது ஏன் பாதி உருண்டையா இருக்கு?' என்று ஒரு அம்மா கேட்பார். காய்ச்சிய பாகைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றி எடுப்பதால் அந்த வடிவம். உடன்குடியில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதிதான். சென்னையில் இருக்கிற அந்த அம்மாவுக்கு யார் சொல்வார்கள்? அதை அவர் கேட்டபடியே தலைப்பாகப் போட்டு, கீழே பதிலை எழுதி, சிரட்டையில் பாகு ஊற்றுகிற படம் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.