அளவு நாடாவை ஓரத்தில் வையுங்கள்



நம் சென்னையில் ஒரு தெருவை எங்கிருந்து அளக்கிறார்கள்? நடுவிலிருந்து. வண்டி போக எத்தனை அடி, வண்டி வர எத்தனை அடி என்று முதலில் பார்க்கிறார்கள். மிச்சம் இருந்தால் ப்ளாட்பாரம். அந்த மிச்சத்திலும் மின்வாரியப் பெட்டி நிற்கிறது, வடிகாலின் உடைந்த மூடி கிடக்கிறது, யாருடைய பைக்கோ நிற்கிறது. நடக்கிறவர் இறங்கிச் சாலைக்கு வருகிறார். பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறார்கள், அவர் ஏதோ தப்புச் செய்துவிட்டதைப் போல!

நான் கேட்பது ஒன்றுதான். அளவு நாடாவை ஓரத்தில் வையுங்கள். வீட்டு வாசற்படியிலிருந்து அளக்கத் தொடங்குங்கள். முதலில் நடக்கிறவருக்கு இடம். அடுத்து மரத்துக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும். அப்புறம் சைக்கிளுக்கு. மீதி எவ்வளவோ அது காருக்கும் பைக்குக்கும்.

இதை ஏதோ ஆசையில் பேசுவதாக நினைக்காதீர்கள். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டி நெறியைப் பாருங்கள். நடைபாதையில் தடையே இல்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் கடந்து போக வேண்டும் அல்லவா, அதற்குத்தான். உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் பகுதியில் முழங்கால் உயரத்துக்குக் கட்டி வைத்திருக்கிறார்களே, அதில் எந்தப் பாட்டி ஏறுவார்?

நம் மாநகராட்சியே 2014-ல் மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் குறைந்தது 60 சதவீதம் நடப்பதற்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும் என்று அதில் எழுதினார்கள். இந்தியாவில் இப்படி எழுதிய முதல் பெருநகரங்களில் ஒன்று நம்முடையது. பாண்டிபஜாரில் 2019-ல் அகலமான நடைபாதை திறந்தார்கள். மாலையில் குழந்தையின் கையை விட்டு நடக்கவிடலாம், பெரியவர்கள் பெஞ்சில் உட்காரலாம். மனம் நிறைகிறது. ஆனால் அது கடைத்தெரு. பால் வாங்கப் போகும் தெரு, ரேஷன் கடைத் தெரு, பள்ளிக்கூடத்துத் தெரு எப்போது மாறும்?

2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் நடந்து போனவர்களில் 32,825 பேர் செத்திருக்கிறார்கள். மத்திய அரசின் அறிக்கையே தரும் கணக்கு இது. நடைபாதை என்பது உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இனி இதை யாரும் சலுகையாகத் தர வேண்டியதில்லை.

எல்லாத் தெருவிலும் தனி சைக்கிள் பாதை போட இடம் இருக்கிறதா என்று பொறியாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இருபதடித் தெருவில் தனிப் பாதை வேண்டாம், வேகம் குறைந்தால் போதும். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டி, ஓட்டுபவர் கண்ணில் ஒரு குழந்தை பட்டதிலிருந்து சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். 50-ல் வந்தால் ஏறக்குறைய 28 மீட்டர் ஓடித்தான் நிற்கும். இந்த 15 மீட்டருக்குள்தான் ஒரு பிள்ளையின் உயிர் இருக்கிறது. பலகை வைத்தால் வேகம் குறையாது. தெருமுனையின் வளைவை இறுக்கிக் கட்ட வேண்டும், வண்டி தானாக மெல்லத் திரும்பும். ஜனங்கள் கடக்கும் இடத்தில் சாலையை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்த வேண்டும்.

குறுக்குவழிக்காக நம் தெருவில் புகுந்து பறக்கிறவர்களை என்ன செய்வது? நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரம் 1977-ல் இதற்கு வழி கண்டது. நகர மையத்தை நான்கு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் கார் நேராகப் போக முடியாது, வெளிவட்டச் சாலைக்குப் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். நடப்பவரும் சைக்கிளில் போகிறவரும் நேராகப் போகலாம். வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள், நகராட்சி பின்வாங்கவில்லை. அந்த நாடும் பிறவியிலேயே சைக்கிள் நாடாக இருந்துவிடவில்லை. 1971-ல் அங்கே சாலையில் இறந்த சுமார் 3,300 பேரில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றவர்கள் தெருவில் இறங்கிப் போராடிப் பெற்றதுதான் இன்று நாம் படத்தில் பார்க்கும் தெருக்கள்.

சைக்கிள் நமக்கும் அந்நியமில்லை, தாய்மார்களே. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. கல் உடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் விரிந்தது. சைக்கிளைக் கையில் கொடுத்தோம். ஓட்டத் தெருவைக் கொடுத்தோமா? அந்தச் சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடக்கிறது, பெற்றோருக்கு வெளியே அனுப்ப பயம்.

கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிறுத்திய ஒரு கார் பொது நிலத்தில் 10 சதுர மீட்டருக்கு மேல் அடைக்கிறது. இருபுறமும் கார் நின்றால் ஆம்புலன்ஸ் நுழையாது, அந்த ஆம்புலன்ஸ் உங்கள் வீட்டுக்கும் வரக்கூடியதுதான். ஒருபுறம் மட்டும், குறித்த இடத்தில் நிறுத்துவதற்கு ஒப்புக்கொள்ளுங்கள். நடைபாதை வியாபாரியை விரட்டிவிட்டுத் தெருவைச் சீராக்குவதாகச் சொல்லும் திட்டத்தையும் நான் ஏற்கமாட்டேன். அவர்களுக்கு 2014-ன் மத்தியச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. இரவில் தெருவில் விளக்கும் ஆள் நடமாட்டமும் இருப்பது அவர்களால்தான்.

நம் வார்டுப் பகுதி சபை அடுத்து கூடும்போது எல்லோரும் வாருங்கள். தார் போடுவதற்கு முன்பே பழைய தாரைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாலை உயர்ந்து நம் வாசல் பள்ளமாகிவிடும். உதவிப் பொறியாளரை நம்மோடு பள்ளிக்கூடம் வரை ஒருமுறை நடந்து வரச் சொல்லுங்கள், சக்கர நாற்காலியில் வரும் ஒருவரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். 1.8 மீட்டர் எங்கெங்கே இல்லை என்று குறித்து, தீர்மானமாக எழுதி, கையெழுத்திட்டு மாமன்ற உறுப்பினரிடம் கொடுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை விடாதீர்கள்.