வெளிநாட்டில் பயிலும் பிள்ளையும் வீட்டுப் பணமும்
(தெலுக் பங்லிமா காராங்கில் தோட்டப் பெற்றோர்களிடையே ஆற்றிய உரை)



பால்மரம் சீவிச் சேர்த்த பணத்தில் பிள்ளையை இந்தியாவிற்குப் படிக்க அனுப்புகிறீர்கள். பணத்தைச் சேர்ப்பது ஒரு பாடு; அதனைப் பத்திரமாகப் பிள்ளையிடம் சேர்ப்பது மற்றொரு பாடு.

ஊழியர் சேமநிதியில் 55 வயதுக்குட்பட்டோரின் சேமிப்பு, 2024 மே முதல் மூன்று கணக்குகளாக உள்ளது. அவற்றுள் 'செஜாத்ரா' கணக்கிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் பெறலாம். ஆயினும் அது உங்கள் முதுமைக்கான சோறு; தேவைக்கு மேல் எடுக்காதீர்கள்.

பிள்ளை அங்குச் சேர்ந்ததும் கடப்பிதழ், விசா, கல்லூரிச் சேர்க்கைக் கடிதம் ஆகியவற்றைக் காட்டி வங்கிக் கணக்குத் திறக்கட்டும். கல்லூரிக் கட்டணத்தை நேரே கல்லூரிக்குச் செலுத்துங்கள். கைச்செலவை மாதந்தோறும் அனுப்புங்கள். வங்கி அல்லது பேங்க் நெகாராவின் உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகவே அனுப்புதல் வேண்டும். 'உண்டியல்' வழியில் இரண்டு காசு கூடுதலாகக் கிடைக்கும் என்பார்கள். அது சட்டவிரோதம், பணம் தொலைந்தால் முறையிட இடமில்லை.

இன்னொன்று மிக முக்கியம். "உன் கணக்கில் பணம் வரும், எடுத்துக் கொடு; உனக்கும் பங்குண்டு" என்று எவரேனும் கேட்டால் பிள்ளை மறுத்தே ஆகவேண்டும். அது மோசடிப் பணமாயின், கணக்குக்கு உரியவரே முதலில் பிடிபடுவார், படிப்பும் பாழாகும். வீட்டில் விட்டுச்சென்ற வங்கி அட்டையையும் எவருக்கும் இரவல் தராதீர்கள். இங்கு மோசடியில் பணம் இழந்தால், உடனே உங்கள் வங்கியையோ 997 என்ற எண்ணையோ அழையுங்கள்.

பட்டையை ஆழ வெட்டினால் மரம் கெடும் என்பதை அறிந்தவர்கள் நீங்கள். அளவறிந்து செலவிடும் பாடத்தைப் பிள்ளைக்கு நீங்களே கற்பித்து அனுப்புங்கள்.