வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை

(விடுமுறைக்கு முன் நம் அறக்கட்டளை நடத்திய குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



 

பள்ளிக்கூட விடுமுறை வருகிறது. கீழக்கரையிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் சென்னையில் இருக்கும் நம் வீடுகளுக்கு விருந்தாளிகள் வரப்போகிறார்கள். கல்யாணம், மருத்துவமனை, கடல் பார்ப்பது, தி.நகரில் துணி எடுப்பது என்று ஆளுக்கொரு காரணம். வருகிறவர்களைப் பற்றி அல்ல, வராமல் போகிறவர்களைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

சக்கர நாற்காலியில் இருக்கும் மகள், ஆட்டிசம் உள்ள பேரன், பார்வை போன மாமா. இவர்களைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு மற்றவர்கள் ரயில் ஏறுகிறார்கள். கேட்டால், "மெட்ராஸ்ல அவனை வச்சுக்கிட்டு எப்படிங்க?" என்கிறார்கள். நாமும் போனில், "பாவம், அவனுக்குக் கஷ்டம், விட்டுட்டு வாங்க" என்று அன்பாகத்தான் சொல்கிறோம். அந்த அன்பில் எனக்கு உடன்பாடு இல்லை. வருகிறாயா என்று அந்தப் பிள்ளையிடம் ஒருவரும் கேட்பதில்லை.

மக்காவில் உம்மு ஸலமா (ரலி) அவர்கள் உடல்நலமில்லை என்று முறையிட்டபோது, தவாஃபை விட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் ஏறியபடியே தவாஃப் செய்யச் சொன்னார்கள். புகாரியில் இருக்கிறது. பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மதீனாவில் பாங்கு சொன்னார்கள். நபியவர்கள் வெளியே சென்ற நேரங்களில் ஊர்ப் பொறுப்பையும் அவர்களிடம் விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

சரி, நம் சென்னைக்கு வருவோம். மெட்ரோ ரயில் 2015-ல் ஓடத் தொடங்கியது. எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு. பார்வையற்றோர் காலால் உணர்ந்து நடக்கத் தரையில் மேடுபள்ளக் கற்கள் பதித்திருக்கிறார்கள். நடைமேடையும் ரயிலும் ஒரே மட்டம். சென்ட்ரலில் இறங்குகிறவர் அரசினர் தோட்டம், ஆயிரம் விளக்கு வழியாக விமான நிலையம் வரை ஒரே வண்டியில் போகலாம். ஆனால் எல்லா வாயிலிலும் லிஃப்ட் கிடையாது. தவறான வாயிலில் போய் நின்றால், சாலையைக் கடந்து மறுபக்கம் போக வேண்டியிருக்கும். விருந்தாளி வருவதற்கு முந்தின நாள் நீங்களே ஒரு நடை போய், லிஃப்ட் எந்த வாயிலில் இருக்கிறது, ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலை.

சாய்தளம் உள்ள தாழ்தளப் பேருந்துகளை 2024-லிருந்து மாநகரப் போக்குவரத்துக் கழகம் மீண்டும் விட்டிருக்கிறது. எல்லா வழித்தடத்திலும் இல்லை. வாடகைக் கார் பிடிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கேஸில் ஓடும் வண்டி என்றால் டிக்கியில் சிலிண்டர்தான் இருக்கும், சக்கர நாற்காலி நுழையாது. பதிவு செய்தவுடனே ஓட்டுநரைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். பேட்டரி நாற்காலிகளில் பலவற்றை மடக்க முடியாது. அதற்கு மெட்ரோதான் நல்லது.

ரயில் கட்டணத்திலும் சலுகை இருக்கிறது. முழுவதும் பார்வை இழந்தவர், துணையில்லாமல் பயணிக்க முடியாத உடல் ஊனமுற்றவர், அறிவுத்திறன் குறைபாடுள்ளவர் ஆகியோருக்கும், உடன் வரும் ஒருவருக்கும் ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏ.சி.யிலும் 75 சதவீதம் தள்ளுபடி. முறையான சான்றிதழைக் காட்டி ரயில்வேயிடம் அட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணலில் 263 மீட்டருக்கு மரப்பாதை போட்டிருக்கிறார்கள். 2022 நவம்பரில் திறந்தார்கள், அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்திவிட்டது, பிறகு சரிசெய்தார்கள். கடலைத் தூரத்தில் காரிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் நம் குடும்பங்களிலேயே எத்தனை பேர்! ஃபஜ்ருக்குப் பிறகு கூட்டிக்கொண்டு போங்கள், கூட்டமும் இருக்காது, வெயிலும் ஏறியிருக்காது.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குப் படிக்கட்டு ஒரு பொருட்டே அல்ல. ரயில் ஹாரன், ரங்கநாதன் தெருக் கூட்டம், கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர், திடீரென்று மாறும் திட்டம், இவைதான் அவர்களைத் தாக்குகின்றன. போகப்போகும் இடத்தின் படத்தை முன்கூட்டியே தாயாருக்கு அனுப்பிவிடுங்கள். அவர் பிள்ளைக்குக் காட்டித் தயார்ப்படுத்துவார். காதை மூடும் ஹெட்ஃபோன் போட்டிருந்தால் கழற்றச் சொல்லாதீர்கள். மெட்ரோவில் பகல் பதினொரு மணிக்கு மேல் போனால் நெரிசல் குறைவு. மண்டபத்தில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் அறை வாங்குகிறோமே, ஓரமாக இன்னொரு சிறிய அறையைக் கேட்டு வாங்கினால் அந்தப் பிள்ளை அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்துவிட்டு வரும்.

பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதால் சுற்றி நின்று பார்க்காதீர்கள். "ஓதிப் பார்த்தீங்களா, எதையாவது பார்த்துப் பயந்திருக்குமோ" என்று தாயிடம் கேட்காதீர்கள். ஓதாத தாய் யார்? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கணக்கில் எடுக்கும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. வளர்ப்பில் வந்த குறையும் அல்ல. பார்வையற்றவரை ரோட்டைக் கடக்க வைக்கும்போதும் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளக் கொடுங்கள்.

இங்கே கடை வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்பதை மதரஸாவில் சிறு வயதிலேயே ஓதிக்கொடுத்தார்கள். நடைபாதையில் நாம் வைக்கும் பெயர்ப் பலகை, நிறுத்தும் பைக், அடுக்கும் அட்டைப்பெட்டி எல்லாம் யாருக்கு இடையூறு? நம்மைப் போன்றவர்கள் சுற்றிக்கொண்டு போய்விடுகிறோம். சக்கர நாற்காலி பஸ் ஓடும் ரோட்டில் இறங்குகிறது. மெட்ரோ வரை கோடிக்கணக்கில் செலவழித்து அரசு செய்த வசதி, நம் கடை வாசலில் வந்து நின்றுபோகிறது.

நம் அலுவலகத்தில் மடக்கும் சக்கர நாற்காலி இரண்டு இருக்கின்றன. விருந்தாளி வரும் தேதியைச் சொல்லிப் பெயர் எழுதிவிட்டு, அஸருக்குப் பிறகு வந்து எடுத்துச் செல்லலாம், வாடகை இல்லை. பள்ளிவாசல் பக்கவாட்டு வாசலுக்குச் சாய்தளம் போட முத்தவல்லி அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும், அதற்குச் செருப்பு வைக்கும் தட்டை நகர்த்தியாக வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கை கொடுக்க நாலு பேர் நின்றால் போதும்.