மூணாவது ஆபரேஷனை விட்டுடாதீங்க



என் மகள் உதடும் அண்ணமும் பிளந்து பிறந்தாள். கிரகணத்துல வெளியே போனியான்னு என்னைத்தான் கேட்டாங்க. கிரகணத்தால இது வராது. வயித்துல முதல் மூணு மாசத்துக்குள்ள முகம் சேரணும். சில பிள்ளைக்குச் சேராம போயிடுது.

4 மாசத்தில் உதட்டைத் தைச்சாங்க, ஒரு வயசில் அண்ணத்தை. முகம் நல்லா ஆச்சு, பேச்சும் வந்தது. முடிஞ்சதுன்னு நானும் ஆஸ்பத்திரிப் பக்கமே போகலை. மேல்தாடையில், ஈறுக்குள்ள எலும்பும் பிளந்தே இருந்திருக்கு. அவளுக்கு 9 வயசில், பள்ளிக்கூடத்துக்கு வந்த டாக்டரம்மாதான் பார்த்துச் சொன்னாங்க. இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அந்தப் பிளவுல வைக்கணும். கோரைப்பல் இறங்குறதுக்கு முன்னாடி வைச்சா, பல்லு அது வழியா இறங்கும்.

ஆபரேஷனுக்குக் காசு வாங்கலை. பஸ் செலவு, போன கூலி? நீங்க கொடுத்த 5,000 ரூபாய் உள்கடன்தான். வாயைவிட இடுப்புதான் வலிக்குதுன்னு நொண்டிக்கிட்டே நடந்தாள். இப்ப அங்கே கோரைப்பல் எட்டிப் பார்க்குது.

உங்க தெருவில் உதடு தைச்ச பிள்ளை இருந்தா வயசைக் கேட்டு வையுங்க. ஆஸ்பத்திரிக்கு நான் கூட வர்றேன்.