அறுவைக்குப் பின் தோலுக்குக் கதிர்

தோல் புற்றுநோய் பெரும்பாலும் அறுவை சிகிச்சையோடு தீர்ந்துவிடுகிறது. எனினும் அகற்றிய திசுவை நுண்ணோக்கியில் ஆராயும்போது வெட்டிய விளிம்புவரை புற்றணுக்கள் தென்பட்டு, மேலும் வெட்டினால் இமையோ மூக்கோ உதடோ சிதையும் என்ற நிலை இருந்தாலும், அவ்வணுக்கள் பெரிய நரம்பொன்றைப் பற்றிப் படர்ந்திருந்தாலும், எஞ்சியவற்றை அழிக்கக் கதிர்வீச்சு சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது.

இச்சிகிச்சையின் நுட்பம் ஆழத்தை அளப்பதில்தான் இருக்கிறது. உடலின் உட்புறக் கட்டிகளுக்குப் பயன்படும் உயர் ஆற்றல் எக்ஸ் கதிர்கள் தோலைக் கடந்த பின்னரே முழு வலிமை பெறுகின்றன. தோல் நோய்க்கோ அவ்வலிமை மேற்பரப்பிலேயே தேவை. ஆகவே ஏறத்தாழ 50 முதல் 150 கிலோவோல்ட் வரையிலான எக்ஸ் கதிர்களோ, நேரியல் முடுக்கி என்னும் இயந்திரம் தரும் எலெக்ட்ரான் கற்றையோ தேர்ந்தெடுக்கப்படுகின்றன. எலெக்ட்ரான்கள் சில சென்டிமீட்டர் ஆழத்திற்குள் அடங்கிவிடுவதால் அடியிலுள்ள உறுப்புகள் காக்கப்படுகின்றன. மேல்தோலில் அவற்றின் வலிமை சற்றுக் குறைவதை, நீரின் அடர்த்தியை ஒத்த 'போலஸ்' என்னும் மெத்தென்ற தகட்டைத் தோல்மீது பரப்பி ஈடுசெய்கின்றனர். சுற்றியுள்ள நல்ல தோலை ஈயத் தகடு மறைக்கிறது. இமைக்குக் கதிர் அளிக்கும்போது, கண்ணை மரக்கச்செய்யும் சொட்டு மருந்திட்டு, விழியின்மேல் சிறு கவசம் பொருத்தப்படுகிறது.

திசு ஏற்கும் கதிரின் அளவு 'கிரே' என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. நாளொன்றுக்கு 2 கிரே, வாரத்திற்கு 5 நாள் என்று 6 வாரங்களில் 60 கிரே அளிப்பது பரவலான முறை. இடைவெளிகளில் நல்ல அணுக்கள் தம்மைச் சீர்செய்துகொள்வதே இவ்வாறு பகிர்ந்தளிப்பதன் காரணம். சில வாரங்களில் தோல் சிவந்து, உரிந்து, சிலருக்கு நீர் கசியத் தொடங்குகிறது. மிகவும் கவலைக்குரிய கட்டம் இதுவே, ஏனெனில் புண்ணைக் கண்டு அஞ்சி நோயாளி தாமாகவே வருகையை நிறுத்தினால், எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருக வழி ஏற்படுகிறது. அப்புண்ணோ சிகிச்சை முடிந்த சில வாரங்களில் பெரும்பாலும் ஆறிவிடும். நிறம் வெளுப்பதும் முடி உதிர்வதும் மட்டும் நிலைத்துவிடலாம்.

தலை, கழுத்துப் பகுதியில் மீண்டும் வரும் அபாயம் மிகுந்த செதிள் அணுப் புற்றுக்கு, இக்கதிரோடு கார்போபிளாட்டின் மருந்தையும் சேர்த்தால் கூடுதல் பயன் இல்லை என்று, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. கோர்லின் நோய்க்குறி என்னும் மரபுக் கோளாறு உடையவர்களுக்குக் கதிர் பட்ட இடத்திலேயே புதிய கட்டிகள் தோன்றக்கூடும் என்பதால், அவர்களுக்கு இச்சிகிச்சை தவிர்க்கப்படுகிறது. இக்கதிர் இயந்திரத்தை நிறுத்தியதுமே நின்றுவிடுகிறது, உடலில் தங்குவதில்லை. ஆகையால் சிகிச்சை நடைபெறும் நாள்களிலும் நோயாளிகள் கைக்குழந்தையைத் தயக்கமின்றித் தூக்கலாம்.